வாளும் கம்பும்

யப்பானியரின் வாட்கலையைப் பொழுதுபோக்காகப் பயில விரும்பும் இளைஞனைக் கண்டு நகைப்போர் உளர். எனக்கு நகைப்பு வரவில்லை.

வாள் தரிப்பதை 1876இல் அந்நாட்டு அரசே தடைசெய்தது. போருக்கு உதவாத கலை அத்தோடு மடிந்திருக்க வேண்டுமன்றோ? மடியவில்லை. மூங்கிற் பட்டைகள் நான்கை இணைத்துக் கட்டிய பயிற்சி வாளை ஏந்திப் பள்ளிச் சிறுவரும் ‘கென்டோ’ பயின்றனர். உலகப் போரில் தோற்றபின் மீண்டும் தடை வந்தது. 1952இல் அதற்கெனச் சம்மேளனமே கண்டுவிட்டனர்.

தமிழகத்திலிருந்து இம்மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோர் சிலம்பத்தையும் உடன் கொணர்ந்தனர். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அது திருவிழாக் காலத்தில் தலைகாட்டுகிறது. தப்பொலி அடங்கியதும் கம்பு லயத்து மூலையில் சாத்தப்பட்டுவிடும்! கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்தவர்க்கு ஓய்வேது என்பர். மெய்தான். ஆனால் மாணவனுக்குப் பாடசாலை மைதானம் உண்டே? கிரிக்கெட் மட்டையை விலைகொடுத்து வாங்கும் நாம், நெற்றியளவு மூங்கிற் கம்புக்கு ஏன் தயங்குகிறோம்?

முதிய வாத்தியார்களின் காலடி வரிசைகள் பெரும்பாலும் ஏடேறாதவை. அவர்தம் உடலோடு உறைபவை. வாரத்தில் ஒரு பிற்பகலேனும் அவர்களைப் பாடசாலைக்கு அழைத்தல் வேண்டும். வாட்கலை விரும்பும் அவ்விளைஞனையும் முன்வரிசையில் நிறுத்துங்கள்.