மாமாவின் எரிச்சலும் பேரனின் தழும்பும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தை போன் பண்ணினாலே இங்கே ஷார்ஜாவில் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2022-ல் வந்த போனும் அப்படித்தான். "தம்பி, உங்க மாமாவுக்கு டிபி கிருமியைத்தானாமா உள்ள விடறாங்க. ஊட்டுல பச்சக் கொழந்தை இருக்குது. போதும்னு நிறுத்திப்போட்டோம்."

மாமாவுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. நாற்பது வருஷ பீடி. (பீடிக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டவன்தான். புகையின் விஷத்தைச் சிறுநீரகம் வடிகட்டி அங்கேதான் தேக்குகிறது.) வலியே இல்லாமல் சிவப்பாகப் போனதை, உடம்புச் சூடு என்று இளநீரிலேயே மூன்று மாதம் ஓட்டினார். பிறகு கோவையில் ஒரு மருத்துவமனையில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை. அதற்கப்புறம் வாரம் ஒன்றாக ஆறு வாரம் பி.சி.ஜி. மூன்றோடு நின்றுவிட்டார். "தீயா எரியுது மாப்ளே. மருந்து ஒத்துக்கலே."

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவன். பிற்பாடு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

பி.சி.ஜி. என்பது நம் இடது தோளில் தழும்பு வைத்ததே, அதேதான். பலவீனப்படுத்திய மாட்டுக் காசநோய்க் கிருமி. 1921 முதல் மனிதருக்குக் கொடுக்கிறார்கள். 1976-ல் கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் என்ற மருத்துவர், இதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று எழுதினார். குழாய் வழியே விட்டு இரண்டு மணி நேரம் வரை அடக்கி வைக்க வேண்டும். கிருமி உள்சுவரில் ஒட்டும், மிச்சமிருக்கும் புற்றணுக்களுக்குள்ளும் நுழையும். வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடி வரும். கிருமியை அடிக்க வந்த படை புற்றணுவையும் சேர்த்து அடிக்கிறது. அந்த அடி பக்கத்து நல்ல சதையிலும் விழுகிறது. சுவர் சிவந்து வீங்குகிறது. எரிச்சல், அடிக்கடி ஓடுவது, கொஞ்சம் ரத்தம், லேசான காய்ச்சல் எல்லாம் அதனால்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும். காய்ச்சல் ஏறி இறங்காமலே நின்றால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வீட்டாருக்கு? ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, பிளீச் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அத்தை பயந்தது பேரனுக்காக. அந்தப் பேரனின் தோளிலேயே பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது!

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய நாலு பக்கமும் ஆங்கிலம். மாமா தமிழ் மீடியம் எட்டாவது. ஊரில் கிளையில் இருந்தபோது, நகைக்கடனுக்கே புரிகிற பாஷையில் நிபந்தனையைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவேன். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்கும், மறையூர்க்காரர் உடுமலைக்கும், குமுளிக்காரர் தேனிக்கும் வைத்தியத்துக்கு வருகிறார்கள். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று ஒரு தாள் அச்சடிக்க என்ன பெரிய செலவு? மருத்துவமனையை மட்டும் சொல்லி என்ன? நானும் பணம் அனுப்பினேன், ரசீது கேட்டேன். எரியுதா என்று கேட்கவில்லை.

2023-ல் கட்டி திரும்ப வந்தது, இந்த முறை தசைக்குள். சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்கள். மிச்ச மூன்றையும் போட்டிருந்தால் வந்திருக்காது என்று எந்த டாக்டரும் உறுதி சொல்லவில்லை. எல்லோருக்கும் அது பலிப்பதுமில்லை.

இப்போது வயிற்றில் ஒட்டிய பையில்தான் சிறுநீர் போகிறது. லீவுக்கு ஊருக்குப் போகிறேன் என்றதும் மாமா சொன்னார்: "வர்றப்ப அந்தப் பை ரெண்டு பெட்டி வாங்கியா மாப்ளே."