வீடு மாறுகிறது, மகன் என்ன ஆகிறான்?

தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போதெல்லாம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஒரே காட்சிதான் தொடர்கிறது. அழிக்கால், பிள்ளைத்தோப்பு போன்ற ஊர்களில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுகிறது. மக்கள் முகாம்களுக்குச் செல்கிறார்கள். நீர் வடிந்ததும் திரும்புகிறார்கள். தூண்டில் வளைவா, தடுப்புச் சுவரா, மாற்றுக் குடியிருப்பா என்ற விவாதம் எழுந்து, பருவம் முடிந்ததும் ஓய்ந்துவிடுகிறது.

மாற்றுக் குடியிருப்பு குறித்த பேச்சில் நிலம், சதுர அடி, பட்டா, குடிநீர் ஆகியவை இடம்பெறுகின்றன. அந்த வீட்டில் பதினான்கு வயது மகன் இருந்தால் இடமாற்றம் அவனை என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

அக்கேள்விக்கு வியப்பளிக்கும் விடை ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் அந்நாட்டு அரசு ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தியது. வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் விரும்பி விண்ணப்பித்தன. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகை உதவி வழங்கப்பட்டது.

பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வயதுக்கு முன்னரே இடம் மாறிய குழந்தைகள், வளர்ந்தபின் மற்றவர்களைவிட 31 விழுக்காடு அதிக வருமானம் ஈட்டினர். பதின்வயதில் மாறியவர்களுக்கோ அப்பலன் கிட்டவில்லை. சற்றே பின்னடைவுதான் தெரிந்தது. மனநலத்தை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு முரணைக் காட்டியது. இடம் மாறிய சிறுமிகளிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. சிறுவர்களிடம் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன.

ஏன் இந்த வேறுபாடு? அச்சமின்றி நடமாட முடிந்தது சிறுமிகளுக்குப் பெரும் விடுதலையாக அமைந்தது. சிறுவர்களோ பழைய நட்பை இழந்தார்கள். பழைய தெருவில் இயல்பாக இருந்த, கூடி நின்று பேசும் பழக்கம், புதிய இடத்தில் அண்டை வீட்டாரின் ஐயத்துக்கும் காவலர்களின் விசாரணைக்கும் காரணமாயிற்று.

விரும்பிச் சென்றவர்களுக்கு, அதிலும் வசதியான பகுதிக்குச் சென்றவர்களுக்கே இந்த நிலை. தமிழகத்தில் நடந்ததோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சென்னையின் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டன. ஏழைகள் மட்டுமே வாழும் பெருங்குடியிருப்புகள் உருவாயின. கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டது, 2022-இல் பள்ளிப் பொதுத்தேர்வுகள் நடந்த அதே நாள்களில். ஊர்ப்பெயரைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று அக்குடியிருப்புகளின் இளைஞர்கள் நெடுங்காலமாகக் குமுறி வருகிறார்கள்.

குமரிக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி ஆகிய ஊர்களைச் சிதைத்தது. 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை எண் 172-இன்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வசித்தவர்கள் உள்ளே செல்ல இசைந்தால் புதிய வீடு பெறலாம். பழைய இடத்திலேயே இருந்தால் அரசு உதவி கிடையாது. உயிர்ப் பாதுகாப்பை முன்னிறுத்திய அந்த முடிவின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால், மீனவச் சிறுவனுக்குக் கரை என்பது வெறும் முகவரி அன்று. தந்தையின் வள்ளம் கரையேறும்போது கைகொடுப்பதும், வலையிலிருந்து மீன் பிரிப்பதும், மாலையில் மணலில் கால்பந்து ஆடுவதும் அங்கேதான். தொழிலும் தோழமையும் ஊர்ப் பெரியவர்களின் கண்காணிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தன. சில கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தாலே இவை அறுந்துபோகும். 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு அகலாத மாவட்டத்தில், கரையூர் இளைஞன் உள்ளூர்ப் பகுதியில் எப்படி ஏற்கப்படுவான் என்ற தயக்கமும் பெற்றோருக்கு உண்டு. 2017 ஒக்கிப் புயலில் தந்தையை இழந்த வீடுகளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

இதனால் இடமாற்றமே தவறு என்றாகாது. கடல் வீட்டுக்குள் வரும்போது மக்களை அங்கேயே இருக்கச் சொல்வது அறமன்று; சிறு குழந்தைகளுக்கு நல்ல சூழல் தரும் பயனும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எப்போது, எங்கே, யாருடன் மாற்றுகிறோம் என்பதே கேள்வி.

கல்வியாண்டின் நடுவே எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்றக் கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்கள் பழைய பள்ளியிலேயே படிப்பை முடிக்கப் பேருந்து வசதி செய்யப்பட வேண்டும். ஒரே தெருவினர் ஒரே தெருவிலேயே குடியமர்த்தப்பட வேண்டும். விளையாட்டுத் திடலும் படிப்பகமும் வீடுகளுடன் சேர்ந்தே கட்டப்பட வேண்டும். 'இரண்டாம் கட்டத்தில்' என்று தள்ளிவைக்கப்படுபவை பெரும்பாலும் வருவதில்லை. புதிய பகுதியின் பள்ளி ஆசிரியர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே உரிய வழிகாட்டுதல் தேவை.

அரசுப் பள்ளி மாணவர்கள் உயர்கல்வி தொடர மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் தாங்கிப் பிடிக்கும் கை தேவை என்பதை அரசு உணர்ந்ததற்கு அது சான்று. ஆனால் அந்த உதவி உயர்கல்வியில் சேர்ந்தவனுக்கே கிட்டும். வீடு மாறிய ஆண்டில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவனை அது எட்டுவதில்லை.

குமரி, 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம். அடுத்த மாற்றுக் குடியிருப்புக்கான திட்ட அறிக்கை தயாராகும்போது, எத்தனை வீடுகள் என்பதோடு, அவ்வீடுகளில் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கையும் மாவட்ட நிர்வாகம் எடுக்கட்டும். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க முடியும்.