காப்பி அடிக்கும் வாழை!

காப்பி அடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லேப் ரெக்கார்டை ராத்திரியோடு ராத்திரியா முடிச்சவங்கதானே நாம! ஆனால் நம்மையே தோற்கடிக்கும் ஒரு காப்பிக் கலை இருக்கிறது. அதுதான் திசு வளர்ப்பு.

நல்ல தாய் வாழையின் பக்கக் கன்றை எடுத்து, கிழங்கின் நடுவே உள்ள குருத்து நுனியை வெட்டி, சத்துக் கூழ் உள்ள பாட்டிலில் வைக்கிறார்கள். 1962-ல் முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட கலவைதான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒரு நுனி பல குருத்தாகும். பிரித்துப் பிரித்து வைத்தால் ஆயிரக்கணக்கில் கன்றுகள்! ஜி-9 வாழை இப்படித்தான் பெருகியது. சீராக வளரும், ஏறத்தாழ ஒரே சமயத்தில் குலை தள்ளும்.

நல்லதுதான். ஆனால் மூலத்தில் தப்பு இருந்தால் காப்பி அத்தனையிலும் தப்பு வருமே! தாய் வாழையில் வைரஸ் இருந்தால் கன்றிலும் இருக்கும். பார்க்க மட்டும் பச்சைப்பசேல்.

எங்க மாமா அப்படித்தான், "லேப்ல வளர்த்ததுப்பா, நோயே வராது" என்று எவரோ சொன்னதை நம்பி, ரசீதுகூட இல்லாமல் வாங்கி நட்டார். சில மாதங்களில் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நின்றன. முடிக்கொத்து நோய்! இதற்கு மருந்து கிடையாது. தோண்டி அழிப்பதுதான் வழி. கன்றோடு வந்ததா, அசுவினிப் பூச்சி கொண்டுவந்ததா? சான்று இல்லாதபோது யாரைக் கேட்பது?

திசு வளர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை வாட்டியதும் இதே நோய்தான். அதை மீட்கக் கைகொடுத்தவை, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகள். ஆக, காப்பாற்றுவது பாட்டில் இல்லை, சோதனை. அதற்காகவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. நம்மில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். கன்று வாங்கும்போது 'சான்று எங்கே?' என்று கேட்கச் சொல்லி வீட்டில் சொல்லுங்கள்.

'அது பயாலஜி, நமக்கென்ன?' என்கிறீர்களா? 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் ஆட்டோகிளேவ், வீட்டுக் குக்கரின் அண்ணன்தான். தூசியில்லாக் காற்று தரும் லேமினார் ஃப்ளோ, ஏசி, தினம் 16 மணி நேரம் எரியும் விளக்கு, எல்லாம் நம்ம டிப்ளமோ வேலை! கேஜைப் பார்க்காமல் '15' என்று எழுதினால் பாட்டிலில் பூஞ்சை. சோதிக்காமல் 'சரி' என்று எழுதினால் தோட்டத்தில் நோய். வராத ரீடிங்கை எழுதிப் பழகின கை, நாளைக்கு அங்கேயும் அதைத்தான் எழுதும்.

இங்கே காப்பி அடித்தால் நமக்கு மார்க் போகும். அங்கே அடித்தால் ஒரு விவசாயிக்கு வருஷமே போகும். சிந்திப்போம் நண்பர்களே!

- இறுதியாண்டு மாணவன், மின்னியல் பிரிவு