சாம்புவை முன்வரிசையில் வையுங்கள்
பெரம்பலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டிக்குக் காத்திருந்த கல்லூரிப் பையன் கையில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவன், வண்டி வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. 1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். தேவன் மறைந்ததே 1957இல். அந்தக் கதைகள் இன்றும் சிரிக்க வைக்கின்றன என்றால் அது சாதாரண வேலையில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் மூளையால் துப்புத் துலக்குவார்கள். நம் சாம்புவோ, பாங்க் குமாஸ்தா, எதையோ உளறி எங்கேயோ இடித்துக்கொள்வார். அதிலேயே திருடன் அகப்பட்டுவிடுவான்! இன்ஸ்பெக்டர் கோபாலன் அதையும் மேதைமை என்றே நம்புவார். இப்படி அபத்தமாக முடிகிற குற்றக் கதையை எழுதுவதுதான் கடினம் என்பேன். முடிச்சில் ஒரு தற்செயல் பிசகினாலும் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தேவன் கடைசிவரை சாம்புவை ரகசியப் புத்திசாலியாக்கவே இல்லை. அசடாகவே விட்டு, நம்மை அவர்மேல் பிரியம் வைக்கச் செய்துவிட்டார். சிரிக்க வைத்தாலே இரண்டாம் தரம் என்று ஒதுக்கும் விமர்சகர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பெரம்பலூர்ப் புத்தகத் திருவிழாவில் கடை போடுகிறவர்கள் இந்த முறை சாம்புவை முன்வரிசையில் அடுக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.