தொட்டியில் வளர்த்ததைக் குளத்தில் விடாதீங்க

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் நகரத்துச் சொந்தங்களுக்குத்தான் இந்தப் பதிவு. நெல்லும் உளுந்தும் பற்றி எழுதுற ஆளு மீன் தொட்டியைப் பத்தி ஏன் பேசுறான்னு கேக்கலாம். உங்க தொட்டிக்கும் எங்க வயலுக்கும் நடுவுல ஒரே ஒரு குளம்தான் இருக்கு. அதனாலதான்.

அலங்கார மீன் கடைகளில் கிரேஃபிஷ் என்று ஒன்று விக்கிறாங்க. உடம்பு இறால் மாதிரி, முன்னால ரெண்டு கொடுக்கு நண்டு மாதிரி. சிவப்பு, நீலம், வெள்ளைன்னு பார்க்க அழகா இருக்கும். கடல்ல கிடைக்கிற சிங்கி இறாலுக்குத் தம்பின்னு வச்சுக்கலாம். ஆனா இது நல்ல தண்ணியில வாழுற ஜீவன். இந்தியாவுக்குன்னு சொந்தமான கிரேஃபிஷ் எதுவும் கிடையாது. நம்ம தண்ணிக்குச் சொந்தம் வயல் நண்டும் ஆத்து இறாலும்தான். கடையில் இருப்பது எல்லாம் வெளிநாட்டு ரகம். இது குளத்துக்குள் போனா என்ன ஆகும்னு நாம ஊகிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாக்காரங்க நூற்றைம்பது வருஷமா அனுபவிச்சுக்கிட்டு இருக்காங்க.

ஐரோப்பாவில் ஆறு, ஏரி, ஓடை எல்லாத்திலும் நாட்டு கிரேஃபிஷ் நிறைய இருந்தது. 1859 வாக்கில் இத்தாலியில் போ ஆற்றுப் படுகையில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்க ஆரம்பிச்சுது. அன்றைக்கு யாருக்கும் காரணம் புரியல. அந்தச் சீக்கு நாடு நாடாகப் பரவி, 1907-ல் ஸ்வீடனுக்குப் போனது. பின்லாந்தில் இருந்து விற்பனைக்கு வந்த கிரேஃபிஷ் சீக்கோட வந்திருக்கு. விலை போகாததை ஸ்டாக்ஹோம் ஏரியில கொட்டிட்டாங்க. ஒருத்தர் செஞ்ச காரியம், ஒரு நாடே அனுபவிச்சுது. ஸ்வீடனில் ஆகஸ்டு மாசம் குடும்பத்தோட உட்கார்ந்து கிரேஃபிஷ் சாப்பிடுறது ஒரு திருவிழா மாதிரி. அந்த நாட்டு ரகத்தில் இன்னைக்கு நூற்றுக்குப் பத்துகூட மிச்சமில்லை.

இந்த நோய்க்கு கிரேஃபிஷ் பிளேக் என்று பேர். கிருமியின் பேர் அஃபனோமைசிஸ் அஸ்டாசி. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா பூஞ்சை இல்லை. நீர்ப்பூஞ்சைன்னு சொல்ற தனி இனம். கொடிக்கால் வச்சிருக்கிறவங்களுக்கு வெற்றிலை வாடல் நோய் தெரியும். கம்பு போட்டவங்களுக்கு அடிச்சாம்பல் நோய் தெரியும். அந்த ரெண்டு நோயையும் உண்டாக்குற கிருமிகளுக்கு இது சொந்தக்காரன். இதோட வித்துக்கு வால் உண்டு. தண்ணியில நீந்திப் போய் கிரேஃபிஷ் ஓட்டில் ஒட்டிக்கும். உள்ளே இழை விட்டுப் பரவும். ராத்திரி மட்டும் நடமாடுற ஜீவன், சீக்கு வந்தா பட்டப்பகல்ல தள்ளாடிக்கிட்டு வெளியே வரும். சில வாரத்துல ஓடையே காலியாகிடும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கிருமியோட பூர்வீகம் வட அமெரிக்கா. அங்குள்ள கிரேஃபிஷ்கள் இதோட காலங்காலமா வாழ்ந்து பழகினவை. இழை ஓட்டுக்குள்ள நுழைஞ்சா, அதைச் சுத்திக் கறுப்பா ஒரு வேலி போட்டு அங்கேயே நிறுத்திடும். கிருமியும் சாகாது, கிரேஃபிஷும் சாகாது. ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணும். ஆனா அந்தக் கிரேஃபிஷ் சட்டை உரிக்கும்போதும் சாகும்போதும் வித்துகள் தண்ணிக்கு வந்துடும். பக்கத்துல நாட்டு ரகம் இருந்தா அதோட கதை முடிஞ்சுது.

இது தெரியாமத்தான் ஸ்வீடன்காரங்க 1960-களில் ஒரு வேலை செஞ்சாங்க. நாட்டு ரகம் அழிஞ்சு போச்சே, நோய் தாங்குற ரகமா ஒண்ணு கொண்டு வருவோம்னு கலிஃபோர்னியாவில் இருந்து சிக்னல் கிரேஃபிஷ் என்ற ரகத்தை வரவழைச்சு ஏரிகளில் விட்டாங்க. நோய் தாங்குற ரகம்தான். ஆனா நோயைச் சுமந்துக்கிட்டு வர்ற ரகமும் அதுதான். மிச்சம் மீதி இருந்த நாட்டு ரகத்துக்கும் ஆபத்து வந்துது. 1970-களில் இங்கிலாந்திலும் இதே ரகத்தைப் பண்ணையில் வளர்க்கக் கொண்டு வந்தாங்க. பண்ணையில் இருந்து ஆத்துக்குப் போச்சு. இன்னைக்கு அங்கே மிச்சமிருக்கிற நாட்டு ரகத்தைத் தனித்தனிக் குளங்களில் ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறாங்க.

நெல் விவசாயி என்பதால் ஸ்பெயின் கதையையும் சொல்லணும். 1973, 74-ல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து சிவப்பு கிரேஃபிஷைக் கொண்டு வந்தாங்க. குவாடல்கிவிர் ஆற்றுச் சதுப்பு நிலத்துல, நெல் வயல்களுக்கு நடுவில் அது பெருகிடுச்சு. இது வளை தோண்டுற ஜாதி. வரப்புல நண்டு வளை போட்டா ராத்திரியோட ராத்திரியா தண்ணி அடுத்த வயலுக்கு ஓடிடும்னு எங்களுக்குத் தெரியும். அங்கே கிரேஃபிஷ் அதே வேலையை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பெரிசா செய்யுது. தண்ணிச் செடிகளையும் தின்னுடும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும். அதே பகுதியில் ஈஸ்லா மயோர் என்ற ஊரே இன்னைக்குக் கிரேஃபிஷ் பிடிச்சு, பதப்படுத்தி, வித்துப் பிழைக்குது. 2016-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்நிய உயிரினங்களை வச்சுப் பிழைப்பு நடத்தக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னப்போ ஊர்க்காரங்களே எதிர்த்தாங்க. கொக்கு, நாரை எல்லாம் அதைத் தின்னு வாழவும் செய்யுது. லூசியானாவில் விவசாயிங்க நெல்லையும் கிரேஃபிஷையும் மாத்தி மாத்தி வயலில் விளைவிக்கிறாங்க. அங்கே அது சொந்த மண்ணு. அந்த ஜீவன் மேல குத்தம் இல்லை. யாரைக் கேட்டு இடம் மாத்தினோம் என்பதுதான் கேள்வி. பிழைப்பு அதை நம்பி வந்த பிறகு, வேண்டாம்னு சொல்லக்கூட முடியாம போயிடுது பாருங்க.

என் கருத்து இதுதான். ஒரு உயிரை மட்டும் தனியாகக் கொண்டு வர முடியாது. அதோட ஓட்டுல, செவுள்ல, வயித்துல குடியிருக்கிறதும் சேர்ந்தே வரும். வர்றவன் ஆரோக்கியமா இருக்கான்னு பார்த்து ஏமாறக் கூடாது. அவன் சாகாம இருக்கிறதுதான் ஆபத்து. அந்தப் பிளேக் கிருமி கிரேஃபிஷை விட்டு வேற எதிலும் இருக்காதுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க. துருக்கியில் நன்னீர் நண்டிலும் அது குடியிருப்பதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம வரப்புல இருப்பதும் நண்டுதானே?

ஒரே ஒண்ணை விட்டா என்ன ஆயிடப் போவுதுன்னு சொல்லாதீங்க. மார்பிள் கிரேஃபிஷ்னு ஒரு ரகம் இருக்கு. 1990-களில் ஜெர்மனியில் மீன் தொட்டி வியாபாரத்துலதான் முதலில் கண்ணுல பட்டுது. எல்லாமே பெட்டை. ஆண் துணை இல்லாமலே முட்டை வச்சுக் குஞ்சு பொரிக்கும். ஒண்ணு போதும், குளம் நிறைய. மடகாஸ்கர் தீவில் நெல் வயல் எல்லாம் பரவிக் கிடக்கு.

நம்ம ஊர் மட்டும் என்ன? 1952-ல் இலங்கையில் இருந்து வந்த ஜிலேபி கெண்டை இன்னைக்கு இல்லாத குளம் உண்டா? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கு, இருந்தும் தண்ணியில இருக்கு. கடையில் டேங்க் கிளீனர்னு வாங்குற சக்கர் மீன் ஏரியில வலையைக் கிழிக்குது. அதை வாங்கித் தின்ன ஆளில்லை. இந்தச் சக்கர் மீனை ஏரியில விட்டது யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. தொட்டி கொள்ளாம வளர்ந்துடுச்சு, கொல்ல மனசு வரல, கோயில் குளத்துல விட்டா புண்ணியம்னு நினைச்சிருப்பாங்க. போன மாசம் சென்னையில் இருக்கிற என் அக்கா பையனும் போன்ல, "மாமா, ஊருக்கு வரும்போது நம்ம குளத்துல விட்டுடட்டுமா?"ன்னுதான் கேட்டான். அவன்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

வளர்க்க முடியலைன்னா வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்க. இல்லாட்டி தொட்டி வச்சிருக்கிற வேற ஆளுக்குக் கொடுங்க. செத்துப் போனா மண்ணுல புதைங்க, சாக்கடையில போடாதீங்க. தொட்டித் தண்ணியை மாடித் தோட்டத்துச் செடிக்கு ஊத்துங்க. வலை, பக்கெட்டை வெயிலில் நல்லாக் காய வச்சு எடுங்க, முழுசாக் காய்ஞ்சா அந்த வித்து செத்துடும். இங்கிலாந்திலும் இதையேதான் மீன் பிடிக்கப் போறவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. புது ரகத்தை உள்ளே விடும்போது, அது எவ்வளவு எடை வரும், என்ன விலை போகும்னு கேக்கறதோட நிறுத்தக் கூடாது. கூட என்ன வருதுன்னும் கேக்கணும். விக்கிற கடைக்காரரும் குளத்துல விடாதீங்கன்னு சொல்லித்தான் விக்கணும்.

வயலில் களை வந்தா பிடுங்கலாம், பூச்சி வந்தா ஏதாவது ஒரு வழி பார்க்கலாம். தண்ணிக்குள்ள போனதைத் திரும்ப எடுக்க ஐரோப்பாவில் அவ்வளவு வசதி இருந்தும் முடியல. விடாம இருக்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.