டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரும் எலுமிச்சை மண்டியும்

குற்றாலம் சீசன் கடைகளில் எந்த வருஷம் போனாலும் மாறாத சரக்கு இரண்டு. ஒன்று நேந்திரங்காய் சிப்ஸ். இன்னொன்று பிளாஸ்டிக் துப்பாக்கி. பேரருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வரும் பொடியன்கள் அந்தக் கடை வாசலில்தான் உருண்டு புரண்டு அழுவார்கள். தீபாவளி வந்தால் அதே துப்பாக்கிக்கு சிவகாசி கேப். இப்படி வளர்ந்த பயல்கள்தான் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு யூடியூபில் .44 மேக்னம் வீடியோ பார்க்கிறார்கள். "லைசென்ஸ் எடுத்தா எந்த மாடல் வாங்கலாம்" என்று சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் விவாதம் ஓடியது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் ரிவால்வர் வாங்குவது, பெரிசோ சிறுசோ, வாங்குகிறவனுக்கே நஷ்டம். காந்தி பிரசங்கம் எல்லாம் இல்லை. பி.காம் படிக்கிறவன் போடும் வரவு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

டபுள் ஆக்‌ஷன் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு: சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியலை (அதான், பின்னாடி நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி) ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். கௌபாய் படங்களில், நம்ம ஜெய்சங்கர் 'கங்கா' (1972) உட்பட, பார்த்திருப்பீர்கள். டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வரும், சுத்தியல் தானே பின்னால் போய் விழும். இரண்டு வேலையும் ஒரே இழுப்பில். அதற்கு விலையாக விசை கனமாக இருக்கும், நாலைந்து கிலோ இழுவை. பழகாத கை அந்த இழுப்பிலேயே ஆடி, குறி எங்கேயோ போய்விடும். பெரும்பாலான ரிவால்வர்களில் பிஸ்டலில் இருப்பது போல தனியாக சேஃப்டி பூட்டும் கிடையாது. எடுத்தால் சுடும். அதுதான் அதன் சிறப்பு, அதுதான் வீட்டுக்குள் அதன் ஆபத்தும்.

இப்போது 'பெரிய காலிபர்' ஆசைக்கு வருவோம். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 29, .44 மேக்னம். 1955-ல் வந்தது, 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தால் உலகப்புகழ் பெற்றது. இதன் குண்டின் ஆற்றல், இந்தியாவில் விற்கும் .32 ரிவால்வர் குண்டைப்போல ஏழெட்டு மடங்கு. சரி, வாங்கலாமா? முடியாது மக்கா. எண்பதுகளின் நடுவிலிருந்தே சாதாரண ஆள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி கிடையாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன .455 வெப்லி? அது பெரிசுதான், ஆனால் .38, .455 ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட ரகம். ராணுவமும் போலீசும் பயன்படுத்திய தோட்டா வகை பொதுஜனம் கையில் இருக்கக்கூடாது என்பது கணக்கு. 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் சாதா ரகம் வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம். தடை ரகம் என்றால் 7 முதல் 14 வருஷம். தாத்தா பெட்டியில் துருப்பிடித்த வெப்லி கிடக்கிறது என்று பெருமையடிக்கும் நண்பர்கள் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கவும்.

(இடையில் ஒன்று. பக்கத்து செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது ரிவால்வரால் என்று பட்டிமன்றப் பேச்சாளர்கள் சொல்வார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். உருளையே கிடையாது. ரிவால்வர் வேறு, பிஸ்டல் வேறு என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா!)

ஆக, மிச்சம் இருப்பது பெரும்பாலும் .32தான். கான்பூர் அரசு ஆலைச் சரக்கு. 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என ஒன்று விட்டார்கள். அரைக்கிலோ எடை, நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டி, விலை அப்போதே 1,22,360 ரூபாய். எந்தப் பெண் அந்தக் காசைக் கொடுத்து வாங்கி கைப்பையில் போட்டுக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்பாள் என்று யோசித்தார்களோ தெரியவில்லை. 2023-ல் 'பிரபல்' வந்தது. 50 மீட்டர் வரை குறி எட்டும் என்றார்கள். இதற்கெல்லாம் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ரிவால்வர், உல்லாசப் படகு, கோலா பானம் மூன்றும் ஒரே வரி வரிசையில்! வாடிக்கையாளருக்கு வேறு கடைக்குப் போக அதிகம் வழியில்லை, விற்பவர் அரசாங்கம், வரி வாங்குபவரும் அரசாங்கம். மோனோபாலி பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் புத்தகத்தில் இல்லை.

ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு அழகான வரி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக்கூடாதாம். சட்டம் ஏழையைத் தடுக்கவில்லை, விலைச்சீட்டு தடுத்துவிடுகிறது.

சரி, இதெல்லாம் கல்லூரி வெட்டிப்பேச்சு. நிஜமாகவே வாங்க நினைக்கிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் மாமா. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி. சிறு விவசாயிகள் இன்னும் கையில் ரொக்கம்தான் கேட்கிறார்கள், அதனால் பணம் புழங்கும். நான் வேண்டாம் என்றதற்கு அவர் கேட்டது: "ஏல மருமவனே, ராத்திரி பத்து மணிக்கு மண்டிய பூட்டிட்டு பையோட வாறேன். வழில ஒருத்தன் மறிச்சா என்ன செய்யச் சொல்லுத? ஜிபே பண்ணவா?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி இல்லை அது. பயம் நிஜம். அதற்கு ரிவால்வர் மருந்தா என்பதுதான் என் கேள்வி.

மாமா வருவது பைக்கில். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். ரிவால்வர் இடுப்பிலோ பையிலோ. மறிக்கிறவன் முன்கூட்டியே திட்டம் போட்டு, இருட்டில் நின்று, மூன்று பேராக வருவான். மாமா பிரேக் பிடித்து, கால் ஊன்றி, துணியை விலக்கி, எடுத்து, அந்த நாலைந்து கிலோ விசையை இழுத்து... அதற்குள் பையும் போயிருக்கும், ரிவால்வரும் போயிருக்கும். பணம் போனால் புகார் கொடுத்துவிட்டு அழலாம். லைசென்ஸ் துப்பாக்கி போனால் நாமே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்போம்.

இன்னொன்று, தேர்தல். தேதி அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்து ஆளுக்கு 2019 மக்களவை, 2021 ஏப்ரலில் சட்டசபை, அதே வருஷம் அக்டோபரில் ஊரக உள்ளாட்சி (புதிய மாவட்டம் என்பதால் தனியாக நடந்தது), 2022-ல் நகர்ப்புறம், 2024-ல் மறுபடி மக்களவை. அந்தந்த சமயத்தில்தான் பறக்கும் படையும் வரும், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்குக் காகிதம் இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும். அதாவது மாமாவின் காசும் அவர்களிடம், துப்பாக்கியும் அவர்களிடம் :-)

மலையடிவாரத் தோட்டக்காரர்கள் கதை வேறு. பன்றித் தொல்லை உள்ளவருக்கு நீளக்குழல் துப்பாக்கி லைசென்ஸ் பற்றி சட்டமே தனியாகப் பேசுகிறது. ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு பன்றி விரட்டப் போனால் பன்றி சிரிக்கும்.

எனக்குப் பெரிய பயம் வழிப்பறிக்காரன் இல்லை. வீடுதான். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரிவால்வர் சம்பவம் எது? 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரின் கழுத்தில் சுட்டவர் முகமூடித் திருடன் இல்லை. பல படங்களில் கூட நடித்த எம்.ஆர்.ராதா. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். ராதாவுக்கும் குண்டடி. இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எடுத்த போட்டோ போஸ்டராகி, பரங்கிமலையில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். ஆனால் அந்தக் குரல் பழையபடி திரும்பவில்லை. கோபம் வந்த நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு மூன்று வருஷமாக ஓடுகிறது. மாமாவும் பெரிய மாமாவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடத்து பீரோவில் ஆறு தோட்டா போட்ட .32 இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 முடிவில் நாடு முழுக்க 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. நம் வியாபாரிகள் யாரும் காசு புழங்காதவர்கள் இல்லை. அண்ணாச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கல்லாப்பெட்டியோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு சுருட்டுத்துணியும் ஒரு நம்பிக்கையான பையனும் துணையாக.

மாமாவிடம் நான் சொன்ன மாற்று ரொம்ப சாதாரணமானது. சாயங்காலமே கணக்கை முடித்துக் காசை வங்கியில் கட்டுவது, ராத்திரி வெறும் பையோடு வருவது. நாலு பெரிய விவசாயிகளையாவது கணக்குக்கு மாற்றுவது. மண்டியில் ஒரு கேமரா. எல்லாம் சேர்த்தாலும் 'நிர்பீக்' விலையில் பாதி ஆகாது.

"அப்போ அரசாங்கம் எதுக்குல அத செய்து விக்குது?" என்றார்.

லைசென்ஸ் விண்ணப்பம் பிரிண்ட் எடுத்து மண்டி மேஜையில் இருக்கிறது, மேலே எலுமிச்சை சாம்பிள் வைத்திருக்கிறார். கேமராக்காரன் நேற்று வந்து அளவெடுத்துவிட்டுப் போனான்.