மருந்தை நிறுத்தியது யார்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்துத் தொழிலாளர்கள் தைக்கும் ஷூ கடல் கடந்து போகிறது. அவர்களில் ஒருவருக்குக் காசநோய் கண்டால், குடும்பமே நடுத்தெருவுக்கு வருகிறது.

சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். மருந்துக்கு அடங்காத காசநோயோ பெரும் அபாயம். “நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதே காரணம்” என்று பழி சொல்வது வழக்கமாகிவிட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று நாம் கேட்கிறோம்.

நெஞ்சில் புகுந்த கிருமியை உடம்பின் காவல் அணுக்கள் சூழ்ந்து சிறைவைக்கின்றன. பெரும்பாலோருக்கு அந்தச் சிறை ஆயுள் முழுவதும் உடைவதில்லை. பசி காவலைத் தளர்த்தினால் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. அவற்றுள் ஏதேனும் ஒரு மருந்துக்கு மசியாத சில தாமாகவே தோன்றும். ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாளும். மருந்து இடையில் நின்றால் தப்பியவை பிழைத்துப் பெருகும். பிறகு இருமலில் பரவி, மாத்திரையே உண்டறியாதவரையும் பற்றும். அவர் செய்த குற்றம் என்ன?

1956-ல் சென்னையில் துவங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகளும் ஸானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைவதை 1959-ல் நிரூபித்தது. அவர்களுக்கு மருந்து ஒழுங்காகக் கிடைத்தது. ஊழியர்கள் வீடுதேடி வந்தார்கள். 2024-ன் துவக்கத்திலோ மத்திய சர்க்காரின் மருந்து வரத்தே தடைப்பட்டது. அப்போது மாத்திரையை நிறுத்தியது நோயாளியா?

ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளி குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் தந்ததால், குடும்பத்தாருக்குப் புதிதாக நோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. சோறும் மருந்தே!

தகுதியுள்ள தொழிலாளிக்குக் காசநோய் கண்டால், இ.எஸ்.ஐ. மூலம் இரண்டாண்டு வரை கூலியில் 80 சதவீதம் பெற வழியுண்டு. வீட்டிலிருந்தபடி ஜோடிக் கணக்கில் ஷூவின் மேல்தோல் தைக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. சர்க்கார் தரும் மாதம் 1000 ரூபாயில் எத்தனை நாள் அடுப்பெரியும்? தைத்தால்தான் கூலி, மருத்துவமனைக்குப் போன நாள் பட்டினி நாள்.

வீட்டில் தைக்கும் பெண்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். குணமாகும் வரை நோயாளிக்குக் கூலியும் குடும்பத்துக்கு ரேஷனும் வழங்க வேண்டும். மருந்துக் கையிருப்பு ஒருநாளும் வற்றக்கூடாது. இவற்றைத் தோல் தொழிலாளர் சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்ப வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.